கை குலுக்க டோக்கன் இருக்கா பாஸ்?

ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்கு உயிரான பாடகி உங்கள் முன்னால் நிற்கிறார். கை குலுக்கலாம், ரெண்டு வார்த்தை பேசலாம். மொத்தமே சில செகண்ட்தான். 'நீங்க ரொம்ப நல்லா...'ன்னு ஆரம்பிக்கும்போதே பக்கத்தில் நிற்கிற ஆள் உங்கள் தோளைப் பிடித்து நகர்த்திவிடுவார். அந்த வேலை பார்ப்பவருக்கு ஜப்பானில் 'ஹகாஷி' என்று பெயர். அர்த்தம், 'பிய்த்து எடுப்பவர்'. சுவரில் ஒட்டின போஸ்டரைப் பிய்க்கிற மாதிரி! இன்னும் சில செகண்ட் வேணுமா? அதே சிடியை இன்னொண்ணு வாங்குங்க. டோக்கன் உள்ளே இருக்கும். எத்தனை சிடி வாங்குவீங்க?

'ஒண்ணுகூட வாங்க மாட்டேன், யூடியூப்ல ஓசியிலயே பார்ப்பேன்'னு நீங்க சொல்றது எனக்குக் கேட்குது. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஜப்பானுக்குப் போறதுக்கு முன்னால!

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பத்து நாள் டோக்கியோ. பகலில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் லேப், சாயங்காலம் ஊர் சுற்றல். என்னையும் என் ரூம்மேட்டையும் பார்த்துக்கொள்ள லேபில் ஒருத்தரை நியமித்திருந்தார்கள். மாஸ்டர்ஸ் படிக்கிறவர். ஜப்பானில் சீனியரை 'சென்பாய்' என்று கூப்பிடணுமாம். நமக்கு 'அண்ணா' மாதிரி. கடைசி நாள்வரை அவர் எங்களுக்கு சென்பாய்தான்.

சென்பாய் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவ்வளவு அமைதி. ஆனால், அவர் பை மஞ்சள், பேனா மஞ்சள், கீ செயின் மஞ்சள், லேப்டாப் மேல் ஒட்டின ஸ்டிக்கரும் மஞ்சள். "என்ன சென்பாய், மங்களகரமா இருக்கீங்க?" என்று கேட்டோம். முகம் சிவக்க, "அது என் ஓஷியோட கலர்" என்றார்.

ஓஷி! இந்த ஒரு வார்த்தையைப் புரிஞ்சுக்கத்தான் எனக்குப் பத்து நாள் ஆச்சு. 'தள்ளுவது', 'முன்னால் நிறுத்துவது' என்கிற அர்த்தத்தில் பிறந்த சொல். ஒரு குழுவில் பதினைந்து பேர் பாடலாம். அதில் 'இவங்க மேல வரணும்'னு நீங்க யாரை உந்தித் தள்ளுறீங்களோ, அவர்தான் உங்கள் ஓஷி. ரசிகன் என்றால் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவன். ஓஷி வைத்திருப்பவன், பின்னால் நின்று தள்ளுபவன். ஆஹா, எவ்வளவு அழகான வித்தியாசம்னு நினைச்சேன். அதன் இன்னொரு பக்கம் அப்போ தெரியாது.

"சனிக்கிழமை என் ஓஷிக்கு கிராஜுவேஷன். வர்றீங்களா?" என்றார் சென்பாய். பட்டமளிப்பு விழாவாக்கும் என்று தலையாட்டிவிட்டோம். குழுவை விட்டு ஒரு பாடகி விலகுவதைத்தான் அங்கே 'கிராஜுவேஷன்' என்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஜப்பானில் ஓர் அக்கா!

சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு கிராஷ் கோர்ஸ் வேணும் இல்லையா? கிளாஸ் ரூம், அகிஹபாரா.

எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு அது கோயில் பாஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரேடியோ உதிரி பாகங்கள் விற்கிற கள்ளச்சந்தையாக ஆரம்பித்த ஏரியா. இப்பவும் ரயில் பாலத்துக்கு அடியில் பெட்டிக்கடை சைஸில் வரிசையாகக் கடைகள். ரெஸிஸ்டர், கெப்பாசிட்டர், ஸ்விட்ச்... ஒரு கடையில் வயர் மட்டும்தான்! நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஞாபகம் வந்து கண் கலங்கிடுச்சு. ஒரே வித்தியாசம், அங்கே யாரும் கையைப் பிடித்து இழுத்து, 'என்ன வேணும் மேடம்?'னு கேட்கவில்லை.

பாலத்தைத் தாண்டி பெரிய ரோட்டுக்கு வந்தால் வேற உலகம். கட்டடம் முழுக்க அனிமேஷன் பெண்கள். அங்கே ஒரு தள்ளுபடி விலைக் கடையின் எட்டாவது மாடியில்தான் ஏ.கே.பி.48 என்கிற பெண்கள் பாட்டுக் குழுவின் தியேட்டர். பெயரில் உள்ள முதல் மூன்று எழுத்தும் அகிஹபாராவின் சுருக்கம்தான். டிக்கெட்டுக்குக் குலுக்கல். எங்களுக்கு விழவில்லை. கீழே நின்று போர்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, சென்பாயிடம் கதை கேட்டோம்.

2005 டிசம்பர் 8-ல் முதல் நிகழ்ச்சி. சுமார் 250 பேருக்கான அந்தச் சின்ன அரங்கத்தில் அன்றைக்குப் பணம் கொடுத்து வந்தவர்கள் 7 பேர். நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸில் கவிதை வாசிப்புக்குக்கூட அதைவிடக் கூட்டம் வரும்! ஆனால், தயாரிப்பாளர் அகிமோடோ யசுஷி பிடித்த ஐடியா பெரிது. 'டி.வி-யில் மட்டும் பார்க்கிற நட்சத்திரம் இல்லை, நீங்களே போய்ச் சந்திக்கக்கூடிய நட்சத்திரம்.' பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி ஒருத்தி, தப்புத் தப்பாக ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, உங்கள் கண் முன்னால் வளருவாள். வளர்த்துவிட்டது நீங்கள்!

2009-ல் அடுத்த அதிரடி. தேர்தல்! அடுத்த பாட்டில் யார் முன்வரிசை, யார் நடுவில் நிற்பது என்பதை ரசிகர்கள் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும். ஓட்டுச்சீட்டு எங்கே? அதேதான்... சிடிக்குள்ளே. முதல் தேர்தலில் ஜெயித்த மயேதா அட்சுகோவுக்கு விழுந்தது 4,630 ஓட்டு. 2018-ல் நடந்த தேர்தலில் முதலிடம் வந்த மட்சுய் ஜூரினாவுக்கு 1,94,453. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்கிற கணக்கெல்லாம் அங்கே செல்லவில்லை. காசு இருக்கிறவனுக்குக் கைநிறைய ஓட்டு. நம்ம ஊர் இடைத்தேர்தல்ல காசு வாங்கிக்கிட்டு ஓட்டுப் போடுறதா சொல்வாங்க. இங்கே காசு கொடுத்து ஓட்டுப் போட்டாங்க!

இன்னொரு கூத்து கேளுங்க. 'ஓட்டு வாங்கினவங்களே திரும்பத் திரும்ப முன்னால நிக்கிறாங்களே'ன்னு 2010-ல் புடோகான் அரங்கத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். என்ன போட்டி? 'கல், காகிதம், கத்தரி'! எல்.கே.ஜி குழந்தைங்க விளையாடுமே, அதே. ஜெயித்த உச்சிதா மயூமி என்கிற பெண், அடுத்த பாட்டில் நடுநாயகி. திறமை வேண்டாம், ஓட்டு வேண்டாம், கையில் கத்தரி விழுந்தால் போதும். நம்ம இன்டர்னல் மார்க் மாதிரியேதான்.

1,830 மீட்டர்

அங்கிருந்து சென்பாய் எங்களை நடக்கவைத்தார். எங்கே? டோக்கியோ டோமுக்கு. பேஸ்பால் ஸ்டேடியம்தான், ஆனால் பாடுகிறவர்களுக்கு அதுதான் இமயமலை. அந்தத் தியேட்டருக்கும் டோமுக்கும் நேர்க்கோட்டில் 1,830 மீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்கக் குழுவுக்கு ஆனது ஏழு வருஷம். 2012 ஆகஸ்டில் டோமில் பாடினார்கள். அந்த வருஷம் வந்த அவர்களின் ஆல்பத்தின் பெயரே '1830 மீ'! ரோடு வளைந்து போவதால் எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணியில் சென்பாய் சொன்ன கதைகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

தேர்தல் முடிந்தால் சிடிக்கு என்ன வேலை? ஒரே பாட்டு, நூறு சிடி. 2017-ல் ஃபுகுவோகா பக்கம் மலையில் ஒரு ரசிகர் 585 சிடிகளைக் கொட்டிவிட்டுப் போய் போலீஸில் மாட்டினார். கேட்கும்போது சிரிச்சேன்.

அடுத்த கதைக்குச் சிரிப்பு வரவில்லை. 2013 ஜனவரி. குழுவின் ஆரம்பகால உறுப்பினர் மினேகிஷி மினாமி, ஓர் இளைஞர் வீட்டிலிருந்து காலையில் வெளியே வருவதைப் பத்திரிகை ஒன்று படம் பிடித்துப் போட்டது. குழுவில் காதலுக்குத் தடை. மினேகிஷி மொட்டை அடித்துக்கொண்டு, கேமரா முன்னால் அழுது, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்ட வீடியோ உலகம் முழுக்கப் போனது. அவரைப் பயிற்சி உறுப்பினராகக் கீழே இறக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 20.

எனக்கு இப்போ 20. நம்ம கேன்டீன்ல எத்தனை ஜோடி உட்கார்ந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க. அதுக்கு மொட்டைன்னா, காலேஜ்ல பாதிப் பேர் தலையில முடி இருக்காது!

கோர்ட்டுக்கும் போயிருக்கிறது இந்த விஷயம். 2015-ல் வேறொரு குழுவைச் சேர்ந்த 17 வயதுப் பெண், ரசிகர் ஒருவரோடு பழகி ஒப்பந்தத்தை மீறினார் என்று 6,50,000 யென் கட்டச் சொன்னது டோக்கியோ நீதிமன்றம். அடுத்த சில மாதங்களில், 2016 ஜனவரியில், இன்னொரு பெண்ணின் வழக்கில் தீர்ப்பு தலைகீழ். காதல் என்பது மனிதர் மகிழ்ச்சியாக வாழ்வதற்கான உரிமையில் அடக்கம் என்று சொல்லி, நஷ்டஈடு கேட்ட நிறுவனத்தின் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

பையன்கள் பக்கமும் இருட்டு உண்டு. பல தலைமுறைக்கு ஆண் பாடகர் குழுக்களை உருவாக்கின ஜானி கிடகாவா, தன்னிடம் இருந்த சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்ததை அவர் நிறுவனமே 2023-ல்தான் ஒப்புக்கொண்டது. அவர் இறந்து நாலு வருஷம் கழித்து! நிறுவனத்தின் பெயரையே மாற்றவேண்டியதாயிற்று.

2014 மே மாதம், இவாதே மாகாணத்தில் கை குலுக்கும் வரிசையில் வந்த ஒருவன் ரம்பத்தால் இரண்டு பெண்களையும் ஓர் ஊழியரையும் வெட்டினான். பிறகு 2020-ல் கொரோனா வந்து கை குலுக்கலே நின்றுபோக, வீடியோ காலில் பேசுகிற டோக்கன் வந்தது. டெக்னாலஜி மாறுது... செகண்ட் கணக்கு மட்டும் மாறலை.

டோம் வாசலில் நின்று கேட்டேன். "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சென்பாய்?" அவர் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம் அவங்களைப் பார்க்கலாம்னா, இந்த வாரம் லேபுக்கு எழுந்து வர முடியுது" என்றார். நான் வேற கேள்வியே கேட்கலை.

இதே விஷயத்தை வைத்து நாவல் எழுதி, 2021-ல் அகுதகாவா பரிசு வாங்கினார் உசாமி ரின். ஓஷியே உலகம் என்று வாழ்கிற ஒரு பள்ளி மாணவியின் கதை. ஜப்பானில் பெரிய இலக்கியப் பரிசு அது. வாங்கும்போது அவருக்கு வயது 21. காலேஜ் ஸ்டூடன்ட்!

வீனஸுக்குப் போன பாடகி

லேபில் இன்னொரு சீனியருக்கு இந்தக் கவலையே கிடையாது. ஏன்னா, அவர் ஓஷிக்கு உயிரே கிடையாது! ஹட்சுனே மிக்கு. வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கீழே தொங்கும் ரெண்டு ஜடை, அதுவும் நீலப்பச்சை கலரில். 2007 ஆகஸ்ட் 31-லிருந்து அதே 16 வயதுதான். சாஃப்ட்வேர் பாஸ்! சப்போரோவில் இருக்கும் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் விட்ட மென்பொருள். ஃபுஜிதா சாகி என்கிற குரல் கலைஞரின் குரலைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் மெட்டும் வரிகளும் கொடுத்தால், அந்தத் துண்டுகளைக் கோத்து மிக்கு பாடும்.

மேடைக் கச்சேரியும் உண்டு. 'ஹோலோகிராம்'னு வாட்ஸ்அப்ல வந்ததை நம்பாதீங்க. கண்ணாடி மாதிரி ஒரு திரையில் பின்னாலிருந்து படம் காட்டுவதுதான் நுட்பம். சுற்றி வாசிக்கிறவர்கள் மட்டும் நிஜ மனிதர்கள். மார்ச் 9 மிக்கு தினம். ஜப்பானிய மொழியில் 3 'மி', 9 'கு'. மி-கு!

என்ஜினீயர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் ஒரு விஷயம். 2010 மே மாதம் ஜப்பான் வீனஸ் கிரகத்துக்கு அனுப்பிய 'அகட்சுகி' விண்கலத்தில், மிக்குவின் படம் பதித்த அலுமினியத் தகடுகள் போயின. ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திச் சாதித்தது. முதல் முயற்சியில் சுற்றுப்பாதை தவறி, ஐந்து வருஷம் சூரியனைச் சுற்றிவிட்டு, 2015 டிசம்பரில் வீனஸைப் பிடித்தது அந்தக் கலம். அரியர் வெச்சு பாஸ் பண்ணின கலம்... நம்ம இனம்!

மிக்கு ரசிகர்கள் ஓட்டுப் போடுவதில்லை, பாட்டுப் போடுகிறார்கள். இன்றைக்கு ஜப்பானின் பெரிய பாடகர்களில் ஒருவரான யோனெசு கென்ஷி அப்படி மிக்குவுக்குப் பாட்டு எழுதிக் கிளம்பியவர்தான். ஆனால், இங்கேயும் ஒரு முள். 2018-ல் ஒருவர் மிக்குவை, அதாவது மிக்குவாகப் பேசும் ஒரு கருவியை, ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டார். 2020-ல் அந்தக் கருவிக்கான சேவையை நிறுவனம் நிறுத்திவிட்டது. சாஃப்ட்வேரும் ஒருநாள் கிராஜுவேட் ஆயிடுது.

ஷிபுயாவில் தலைவர்!

சனிக்கிழமை. நிகழ்ச்சி ஷிபுயாவில். சீக்கிரமே போய்விட்டதால் ஸ்பெயின் சரிவு என்கிற ஏறுமுகத் தெருவில் ஏறினோம். உச்சியில் ஒரு விநோதமான கட்டடம். ஒரு காலத்தில் 'சினிமா ரைஸ்' தியேட்டர் அது. 1998-ல் நம்ம 'முத்து' ரிலீஸாகி, மாசக்கணக்கில் ஓடி, ரஜினி ரசிகர்கள் என்று ஓர் இனத்தையே ஜப்பானில் உருவாக்கின இடம். 2016-ல் தியேட்டர் மூடிவிட்டார்கள். இப்போ அந்தக் கட்டடத்தில் பாட்டுக் கச்சேரி அரங்கங்கள். நானும் ரூம்மேட்டும் வாசலில் நின்று ஒரு சல்யூட் வைத்தோம். போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

அங்கே இந்தியப் படங்களுக்கு 'மசாலா காட்சி' என்று தனியாகப் போடுவார்கள். விசில் அடிக்கலாம், கத்தலாம், காகிதத் துண்டுகளைப் பறக்கவிடலாம். படம் முடிந்ததும் எல்லாரும் குனிந்து அந்தக் காகிதத்தைப் பொறுக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். முதல் நாள் முதல் காட்சி மக்களே, கவனிக்க!

"யாருக்காக வந்தீங்க?"

அரங்கம் ஒரு நிலவறை. டிக்கெட் எடுத்தாலும் உள்ளே நுழைய ஒரு டிரிங்குக்குத் தனியாகக் காசு கட்டணும். பச்சைத் தண்ணி பாட்டிலுக்கும் அதே காசு. வாசலில் ஒரு கேள்வி. "யாருக்காக வந்தீங்க?" அன்றைக்கு ஆறு குழுக்கள் பாடுகின்றன. என் ரூம்மேட் "சும்மாதான்..." என்று இழுக்க, சென்பாய் முதல் முறையாகக் குரலை உயர்த்திக் குழுவின் பெயரைச் சொன்னார். எந்தக் குழுவுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுகிறார்கள். அந்தக் கோட்டைப் பொறுத்துத்தான் குழுவுக்குக் காசும், அடுத்த வாய்ப்பும்.

உள்ளே ஒரு ரசிகர் பவ்யமாக வந்து, உடைத்தால் ஒளிரும் மஞ்சள் குச்சியையும் ஒரு துண்டுச்சீட்டையும் கொடுத்தார். 'கடைசிப் பாட்டில் உடைக்கவும்.' எங்களுக்கு மட்டும் இல்லை, வந்த எல்லாருக்கும். வேறு குழுக்களின் ரசிகர்களுக்கும்! செலவு சென்பாயும் அவர் நண்பர்களும். நாலு மாசம் பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசாம்.

பாட்டு ஆரம்பித்ததும் ஒரு மாற்றம் பாருங்க... லேபில் பேசினால் கேட்காத சென்பாய், அடிவயிற்றிலிருந்து கத்துகிறார்! முன்னிசை வரும்போது ரசிகர்கள் சேர்ந்து போடும் கோஷத்துக்கு 'மிக்ஸ்' என்று பெயர். 'டைகர், ஃபயர்'னு இங்கிலீஷில் ஆரம்பிக்கும். அடுத்தது ஜப்பானிய மொழியில். அதற்கடுத்தது வடக்கு ஜப்பானின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியில். கை அசைவு எல்லாம் அச்சு பிசகாமல். ஒருவர் கை இன்னொருவர் மேல் படவில்லை.

கடைசிப் பாட்டில் எல்லாரும் குச்சியை உடைத்தோம். நிலவறை முழுக்க மஞ்சள். மேடையில் அந்தப் பெண் பாட முடியாமல் நின்றுவிட்டார். மீதியைக் கூட்டம் பாடி முடித்தது.

பிறகு 'செக்கி'. உடனே பிரின்ட் வரும் கேமராவில் பாடகியோடு ஒரு படம். 1,500 யென், அதாவது 800 ரூபாய்க்கு மேல். ஜப்பானுக்குப் போகும் முன் உங்களிடம் என்ன சொன்னேன்? ஒண்ணுகூட வாங்க மாட்டேன்னுதானே? வரிசையில் நின்னுட்டேன் பாஸ்!

அருகில் பார்த்தால் என் உயரம். என் வயசு. மேக்கப்புக்கு மேல் வியர்வை. படத்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டே, "என்ன படிக்கிறீங்க?" என்று உடைந்த இங்கிலீஷில் கேட்டார். "எலெக்ட்ரானிக்ஸ்." "நானும் காலேஜ்தான். இனிமே ஒழுங்கா போகணும். ரெண்டு பாடம் பாக்கி இருக்கு!" சிரித்தார். அவ்வளவுதான், நேரம் முடிந்தது.

அடுத்து சென்பாய். கையில் ஒரே ஒரு டோக்கன். என்னதான் பேசுவார்னு காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரே வார்த்தை. "ஓட்சுகாரேசமா." வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவரிடம் ஜப்பானில் தினமும் சொல்கிற வார்த்தை. 'ரொம்ப உழைச்சிட்டீங்க, நன்றி' என்று வைத்துக்கொள்ளலாம். குனிந்து வணங்கிவிட்டு, ஹகாஷி தொடுவதற்கு முன்னால் அவரே நகர்ந்துவிட்டார்.

ரயிலில் கேட்டேன். "இனி அவங்களை இன்ஸ்டாகிராம்ல தேடுவீங்களா?"

"மாட்டேன். ரோட்டுல பார்த்தாக்கூடக் கூப்பிட மாட்டேன். இனிமே அவங்க காலேஜ் பொண்ணு. அவ்வளவுதான்."

ஒரு நடிகைக்குக் கல்யாணம் என்றால் கமென்ட்டில் போய்த் திட்டுகிறோம். பிடித்த ஹீரோவின் படம் ஓடாவிட்டால் அடுத்தவன் ஹீரோவின் குடும்பத்தை இழுக்கிறோம். சென்பாய் மாதிரி காசு கொட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மொட்டைத் தலைக்குப் பின்னால் இருந்ததும் இதே மாதிரி காசு கொட்டின கூட்டத்தின் கோபத்துக்கான பயம்தான். உந்தித் தள்ளுகிறவன் ஒரு கட்டத்தில் கையை எடுக்கணும். எடுக்காவிட்டால் அது பிடித்து வைப்பது. நீங்க யாருக்கு ஃபேன்னு நான் கேட்கலை. அவங்க உங்களை விட்டுப் போற அன்னைக்கு என்ன சொல்வீங்கன்னு மட்டும் யோசிச்சு வைங்க.

ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது அந்தப் படம் அம்மா கையில் மாட்டியது.

"யாருடி இந்தப் பொண்ணு? டி.வி-ல வர்றவளா?"

"இல்லம்மா... காலேஜ் பொண்ணு. ரெண்டு அரியர் இருக்கு!"